ஈரத் தாளுக்குள் விரிந்த சன்னம்

சுவிஸில், துன் ஏரிக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த அந்த விடுதியில் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இரவுச் சமையல் தொடங்கும்வரை ஒரு சத்தமும் இராது. ஏரியிலிருந்து பனிப்புகார் மெல்ல எழும்பி வந்து யன்னல் கண்ணாடியில் முகம் வைத்து நிற்கும். தில்லைநாயகிக்கு அந்தப் பொழுது பிடிக்கும். பாத்திரங்களை அடுக்கிவிட்டு, கண் திறந்தபடியே உறங்குபவள் போல வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளும் கணவன் உருத்திரமூர்த்தியும் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பத்து நாலில் வந்தவர்கள். இருவருக்கும் அங்கேதான் வேலை, மேல்மாடி அறையில் இருப்பு.

விடுதிக்காரி ரோஸ்லி ஐம்பது தாண்டிய விதவை. கணவரின் வேட்டைத் துவக்கு சுவரில் சும்மா தொங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், பரீட்சை எழுதி வேட்டை அனுமதி எடுத்திருந்தார். பழைய துவக்கு என்பதால் அதற்குப் பொருந்தும் தோட்டா கடைகளில் அரிதாகத்தான் கிடைத்தது. அதனால் தானே தோட்டா நிரப்பப் பழகினார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துப்புரவாக்கி, வெடிமருந்தை அளந்து போட்டு, கோதின் வாயில் புதுச் சன்னத்தை, அதாவது குண்டை, இறுக்குகிற வேலை. மருந்துக்குப் புத்தகம் இருந்தது. அதில் போட்டிருந்த அளவை மயிரிழையும் மீறமாட்டார். எந்தச் சன்னத்தைத் தெரிந்தெடுப்பது என்பதில்தான் அவருக்குத் தலை சுற்றியது.

எண்பத்தாறு இலையுதிர்காலத்தில் அவர் சுட்ட முதல் மான் சமையலறைக்கு வந்தது. தோலை உரித்த தில்லைநாயகியின் கை பாதியில் நின்றது. முன்காலின் மேல்சப்பை முழுவதும் கன்றிக் கூழாகிக் கிடந்தது. விரலை விட்டுத் தடவியபோது செம்புத் துணுக்குகள் நெருடின.

"கடைக்காரன்தான் சொன்னவன், பாரம் குறைஞ்சது, வேகமாப் போகும், புதுசாப் பழகிறவைக்கு நல்லதெண்டு," என்றார் ரோஸ்லி. அவர் சொன்னது ஜெர்மனில். தில்லைநாயகியின் காதில் அது எப்போதும் ஊர்ப்பேச்சாகவே விழும்.

அவள் துணுக்குகளைச் சாசரில் போட்டாள். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வார்டில் காயத்துக்கு மருந்து கட்டியவள் அவள். அதைப் பற்றி இந்த ஊரில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை.

அடுத்த நாள் மத்தியானம் ரோஸ்லி வெறும் சாப்பாட்டு மேசையில் மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தார். புகார் வெளிச்சத்தில் சன்னங்கள் இளஞ்சிவப்பாய் மினுங்கின. ஒன்று, மானைக் கூழாக்கிய அந்தச் சன்னம், ஈயத்தின்மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்த தோல்காரன். இன்னொன்று தலையிலும் செம்பு போர்த்தியது, இலக்குப் பார்த்துப் பழக வாங்கியது. மூன்றாவது சற்றுப் பாரமானது. நுனியில் ஈயம் வெளியே தெரிந்தது, கீழே போகப் போகச் செம்பு தடித்திருந்தது.

"தலை மூடினது இறைச்சியைப் பழுதாக்காதெல்லோ?" என்று தில்லைநாயகி கேட்டாள்.

"பழுதாக்காது. ஆனா மானுக்கு அதால சுடச் சட்டம் விடாது. ஏனெண்டு எனக்கு இன்னும் சரியா விளங்கேல்லை."

தில்லைநாயகி அந்தச் சன்னத்தை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். "எனக்கு விளங்குது," என்றாள் மெதுவாக. "ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வந்திடும். சின்ன ஓட்டைதான், உள்ளுக்க இரத்தம் போறது தெரியாது. ஆள் தானே நடந்து வந்து வாங்கில குந்தியிருப்பார். விடியேக்க கட்டில் வெறுமையாக் கிடக்கும்."

ரோஸ்லி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஆள் என்று சொன்னது காதில் விழுந்திருந்தது. அவர் தோண்டிக் கேட்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு, "நனைச்ச பேப்பருக்குச் சுட்டா, சன்னம் உள்ளுக்க என்ன செய்யுதெண்டு பார்க்கலாமாம்," என்று மட்டும் சொன்னார்.

விடுதியின் பழைய பத்திரிகைக் கட்டுகளைத் தில்லைநாயகி குளிக்கும் தொட்டியில் ஊறப் போட்டாள். கதவடியில் உருத்திரமூர்த்தி வந்து நின்றான்.

"என்னப்பா செய்யிறீர்? துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து சன்னம் தெரிஞ்சு குடுக்கிறீரோ?"

"பிழையானதைத் தெரிஞ்சா அந்தச் சீவன் கிடந்து உத்தரிக்குமப்பா. அதுதான்."

 அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மற்றக் கட்டைத் தூக்கித் தண்ணீரில் அமுக்கினான்.

ஊர்ச் சுடுதிடலில் கட்டுகளை நிறுத்திச் சுட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் தில்லைநாயகி காதுக் கவசத்தை இரண்டு கையாலும் அழுத்திக் கண்ணை மூடினாள். பிறகு மூவரும் முழந்தாளிட்டு ஈரத்தாளை ஒவ்வொன்றாக விரித்தார்கள். மெல்லிய தோல்காரன் முதல் தாள்களிலேயே சிதறி, குருவிக்கூடு போல ஒரு குழி பறித்திருந்தது. தலை மூடியது பென்சில் துளை ஒன்றை விட்டுவிட்டுக் கட்டைக் கடந்து போயிருந்தது. மூன்றாவது, வானிலைப் பக்கத்துக்கும் மரண அறிவித்தல்களுக்கும் இடையில் அகன்ற பாதை போட்டு, கடைசித் தாள்களில் காளானாக விரிந்து கிடந்தது. உருத்திரமூர்த்தி அதைத் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுதான்," என்றார் ரோஸ்லி. அவருடைய பழைய துவக்கும் அதையே விரும்பியது. தூரத்து அட்டையில் துளைகள் நெருங்கி விழுந்தன.

அந்த வாரம் ரோஸ்லி அவளையும் மலைக்குக் கூட்டிப்போனார். ஊசியிலை மரங்களுக்குள் புகார் பாலாய் நின்றது. எது மரம், எது மாடு, எது தன் மூச்சு என்று பிரிக்க முடியாமல் அவள் மிதந்துகொண்டு போனாள். மரமில்லாத ஒரு வெட்டையின் ஓரத்தில் புகார் விலகியது. அங்கே ஒரு மான், அது எப்போதும் அங்கேயே நின்றது போல, நின்றது. ரோஸ்லி நெடுநேரம் பார்த்திருந்தார். வெடித்தது. மான் நின்ற இடத்திலேயே சாய்ந்தது.

தில்லைநாயகி போய் அதன் கழுத்தில் கை வைத்தாள். சூடு இருந்தது, துடிப்பு இல்லை. அப்படியே புல்லில் இருந்துவிட்டாள். ஒருவரும் கேட்காமலே அவளுக்கு வார்த்தைகள் வந்தன. வார்டு, தரையில் பாய், பஞ்சு முடிந்துபோன நாள், தண்ணி கேட்ட பிள்ளை. அரைகுறை ஜெர்மன் தீர்ந்த இடத்தில் தமிழில் சொன்னாள். ரோஸ்லி துவக்கைத் தள்ளி வைத்துவிட்டு அருகில் வந்து இருந்தார்.

"அந்த வேலைக்குத் திரும்பிப் போக மனமில்லையோ?"

"இரத்தத்தைப் பார்க்கேலாது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

"இப்ப பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீங்கள்."

தில்லைநாயகி தன் கையைப் பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த இரத்தத்தைப் புல்லில் துடைத்தாள்.

வேறு வேலைக்குப் போக அனுமதிக்கும் வதிவிட விசா கையில் கிடைத்த பிறகு, அவள் துன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்தாள். முதல் நாளே ஒரு கிழவருடைய காலில் ஆறாத புண் இருந்தது. மெல்லக் கழுவி, ஒற்றி, துணி சுற்றினாள். "நோகவே இல்லை," என்றார் கிழவர், ஆச்சரியத்தோடு. வெளியே ஏரியில் ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அவள் துணியின் முனையைச் செருகிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.