“பாடினான்” என்று சொல்லிவிட்டேன்

யுத்த காலத்தில், காணாமற்போனவர்களின் விபரங்களைப் பதிய மட்டக்களப்புக்கு வந்திருந்த ஒரு ஸ்பானியப் பெண்மணிக்கு நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். முதலில் ஆங்கிலத்தில் சமாளித்து, பிறகு அவரிடமே கற்றுக்கொண்ட அரைகுறை ஸ்பானிய மொழிதான். ‘காந்தா’ என்றால் பாடுகிறான், ‘காந்தோ’ என்றால் பாடினான் என்று வினைச்சொற்களைக் காலம் மாற்றி மாற்றி மனப்பாடம் செய்திருந்தேன்.

ஒருநாள் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து ஒரு தாய் வந்தார். இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுசெல்லப்பட்ட மகனைப் பற்றிக் கேட்டோம்.

“என்ட மகன் கோயில்ல நல்லாப் பாடுவான்” என்றார்.

நான் ‘காந்தோ’ என்றேன்.

ஸ்பானியப் பெண்மணி பேனையை வைத்துவிட்டு, கண்கலங்கி, அந்தத் தாயின் கைகளைப் பற்றிக்கொண்டார். தாய் என் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சொன்ன புள்ள? அவன் செத்துட்டான் எண்டா?”

“இல்லம்மா. பாடினான் எண்டு பிழையாச் சொல்லிப்போட்டன்.”

“அவன் பாடுவான். அப்பிடியே சொல்லு.”

திருத்திச் சொன்னேன். மகன் கடைசிவரை வரவில்லை.

மொழி சரியாகத் தெரியாததால் வந்த பிழை என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். இரண்டு சொற்களும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தாய் வந்து உட்கார்ந்தபோதே, அவருடைய மகன் உயிரோடு இல்லை என்று நான் முடிவுசெய்துவிட்டிருந்தேன்.