ஒரெஸ்டின் கெட்டி ஆயில்

கனடாவின் சாஸ்கட்செவன் பனியில் லெஸ்யாவின் கார் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கிப்போனது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் காலைக் கஞ்சியை அவள் போய்த்தான் வைக்க வேண்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவன் ஒரெஸ்ட் காலமெல்லாம் கோதுமை லாரி ஓட்டியவன். டாக்டர் சொல்லும் மருந்தின் அளவைக்கூடத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்பவன், கார் கம்பெனி சொல்வதையா கேட்கப் போகிறான்? குளிர் தொடங்குமுன் இவள் காருக்கு ஆயில் மாற்றியவன், கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருந்த லேசான ஆயிலை, "தண்ணி மாதிரி இருக்கு, எஞ்சினைத் தின்னுடும்" என்று ஒதுக்கிவிட்டு, பழைய லாரிக்கு வாங்கிய கெட்டி ஆயிலை ஊற்றினான். இந்த ஊர்க் குளிருக்கு அது உறைந்துவிடும் என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"நீ உன் கஞ்சியைப் பாரு" என்றான்.

இப்போது காபிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"ராத்திரி எஞ்சினைச் சூடா வைக்கிற ஹீட்டர் வயரைச் செருகினியா?"

"செருகினேன்."

"அப்ப பேட்டரிதான். சாவியத் திருகத் தெரியாம திருகியிருப்பே."

லெஸ்யா விறுவிறுவென்று கொட்டகைக்குள் போனாள். மிச்சமிருந்த கெட்டி ஆயில் டப்பாவை எடுத்துவந்து, மூடியைக் கழற்றி, அவன் தலைக்கு மேல் அப்படியே கவிழ்த்தாள்.

"அடிப்பாவி! பைத்தியமா உனக்கு?" என்று அலறி, கண்களை இறுக மூடிக்கொண்டான் ஒரெஸ்ட்.

ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

"கண்ணைத் தொறந்து பாரு. நான் வைக்கிற கஞ்சியக் கவுத்தாக்கூட கீழ விழுமேடா!"