வீட்டோடு சேர்ந்த நாய்

அந்த நாயை நான் ஆசைப்பட்டு வளர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாய் வளர்க்கிறவர்கள் எல்லாம் பார்த்த மாத்திரத்தில் மனசு உருகி மடியில் தூக்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு எழவும் நடக்கவில்லை. எனக்கு வேலை போனது, நாய் வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே உள்ள ஒரு பழைய பங்களாவில் நான் சமையல் வேலை பார்த்தேன். கல்யாணமான புதிதில் போய்ச் சேர்ந்தவள், புருஷன் செத்து, தலை நரைக்கும்வரை அங்கேதான் இருந்தேன். பின்னால் அவுட்ஹவுஸில் குடியிருப்பு. கடைசிப் பத்துப் பதினைந்து வருஷம் அந்த வீட்டில் மேடம் மட்டும்தான். அவர் மகன் வெளிநாட்டில். மேடத்துக்குத் துணை என்று வந்தவன்தான் இந்த நாய். தேன் நிறத்தில் ஒரு லாப்ரடார். அவனுக்கு நான் சமையல்கட்டிலிருந்து வரும் ஒரு வாசனை, எனக்கு அவன் துடைத்து முடித்த தரையில் விழும் கால்தடம். எங்களுக்குள் அவ்வளவுதான் உறவு.

மேடத்துக்கு முடியாமல் போய், மகன் வந்து தன்னோடு அழைத்துப் போவதென்று முடிவானது. பங்களாவை ஒரு ரிசார்ட் கம்பெனி வாங்கியது. எங்கள் ஊரில் பங்களா கைமாறினால் கட்டில், அலமாரி, பீங்கான் தட்டு எல்லாம் இருந்த இடத்திலேயே கைமாறும். தோட்டக்காரனும் சமையல்காரியும்கூட அப்படித்தான். “அவ அந்த வீட்டோட ஆளு” என்பார்கள். யார் வாங்கினாலும் மறுநாள் காலையில் அதே அடுப்பில் அதே ஆள் காபி போடுவாள். என் மாமியார் அப்படித்தான் வேறொரு பங்களாவில் மூன்று முதலாளிகளைப் பார்த்தார். அந்த நினைப்பில் நான் வேறு வேலை தேடவே இல்லை. வருகிறவர்களுக்கு நல்லபடியாகத் தெரியட்டும் என்று பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்து அடுக்கிவைத்தேன். மடச்சி!

கிளம்புகிற அன்று மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “கம்பெனிக்காரங்க நாய் வேண்டாங்கறாங்க. உங்ககிட்ட இருந்தாதான் அவன் சந்தோஷமா இருப்பான்” என்றார். எனக்கென்ன, அவுட்ஹவுஸில்தானே இருக்கப்போகிறோம், நாய் வராந்தாவில் கிடப்பதற்குப் பதில் என் வாசலில் கிடக்கும் என்று தலையாட்டினேன். மேடத்தின் கார் போன மறுநாள் கம்பெனி மேனேஜர் வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், எனக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் அவன் வயதுகூட இருக்காது. “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்களுக்கு ட்ரெயினிங் எடுத்த ஸ்டாஃப்தான் வேணும். செஃப் பெங்களூர்ல இருந்து வர்றாரு” என்றார். அவுட்ஹவுஸை இடித்து ஜிம் கட்டப்போகிறார்களாம். கட்டில் வேண்டுமாம், அலமாரி வேண்டுமாம், நான் தேய்த்து வைத்த பித்தளைகூட அழகுக்கு வேண்டுமாம். நானும் நாயும் மட்டும் வேண்டாமாம்.

கீழே பள்ளத்தில் லைன் வீடுகளில் ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். ஓர் அறை, ஓர் அடுப்பு, தகரக் கூரை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பள்ளங்கிப் பக்கம் பூண்டுக் காட்டுக்கும் கேரட் காட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு லைன் வீட்டுப் பக்கமே கட்டடத்துக்குச் சித்தாள் வேலை கிடைத்தது. அந்த நாயோ முதல் நாள் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தான். ‘இதென்ன, பாத்ரூமா?’ என்று கேட்பதுபோல. எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் விடிந்ததும் ஆளைக் காணோம். மூச்சு வாங்க மேட்டில் ஏறிப் போனால், பங்களா கேட்டுக்கு வெளியே மூக்கைக் கம்பிக்குள் நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வேலைக்காரர்கள் டைல்ஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னங்கால்கள் இரண்டும் வாதத்தில் நடுங்குகின்றன. அந்தக் காலை வைத்துக்கொண்டு அத்தனை செங்குத்தில் எப்படி ஏறினான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். இழுத்துக்கொண்டு வந்தேன். மறுநாளும் போனான். அதற்கு மறுநாளும். கயிற்றில் கட்டிப்போட்டால் ஊரே கூடும்படி ஊளையிட்டான்.

பக்கத்து வீட்டுக்காரி காட்டு வேலைக்குப் போகிற ஜீப்புக்குக் காத்து நிற்கும்போது தினமும் கேட்பாள்: “ஏக்கா, வெள்ளனே அந்தக் கெழட்டு நாயக் கூப்பிட்டு வாரதுதான் இப்ப உங்க சோலியா? அது பாட்டுக்குப் போயி அங்ஙனயே கெடக்கட்டுமே!”

“அங்க கெடந்தா அடிச்சே கொன்னுபோடுவாங்கடி” என்பேன். அது உண்மைதான். மேனேஜர் இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். ஆனால் அது மட்டும் காரணமில்லை. என்னை வேண்டாமென்று தள்ளிய வீட்டு வாசலில், என் நாய் பிச்சைக்காரன் மாதிரி போய் உட்காருவதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் என் நாயாக வேண்டும். அந்த வீட்டை அவன் மறக்க வேண்டும். வேறு எதிலும் எனக்கு அந்தப் பிடிவாதம் இருந்ததில்லை.

கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எங்கள் ஊரில் பங்களா நாய்களுக்கு இங்கிலீஷ்தான். மேடம் அவனிடம் ஒரு தமிழ் வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அதனால் என் தமிழ் அவனுக்கு ஏறவில்லை என்று நினைத்தேன். “கம்! கம் ஹியர்! நோ!” என்று லைன் வீட்டு வாசலில் நின்று கத்துவேன். பொம்பளைகள் எல்லாம் வாயில் முந்தானையை வைத்துச் சிரிப்பார்கள். அவன் அசையமாட்டான். “இருக்குடா திமிரு! வேலைக்காரி சொன்னா கேக்கக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்துட்டுப் போனாங்களா உங்கம்மா?” என்று வைவேன்.

ஒரு நாள் மூடுபனியில் மேட்டுப் பாதை வளைவில் காட்டுமாடு நின்றது. கரிய மலை போல ஒற்றை ஆண். எங்கள் ஊரில் அது புதிதில்லை, ஒதுங்கி நின்றால் அது பாட்டுக்குப் போகும். இவன் ஒதுங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேரே அதன் காலடிக்குப் போகிறான். நான் தமிழில் கத்தினேன், இங்கிலீஷில் கத்தினேன், அப்புறம் மொழியே இல்லாமல் கத்தினேன். மாடு மூக்கால் சீறிக் குளம்பால் ரோட்டை இடித்தது. இவன் காது மயிர்கூட அசையவில்லை. பாய்ந்து போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்து இரண்டு பேருமாக ஓடையில் விழுந்தோம். மாடு எங்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடப்பாவி, உனக்குக் காதே கேட்காதா! இத்தனை நாளும் செவிட்டு நாயிடம் நான் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தேன். ஓடையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். முழங்கால் வலிக்காகவா, அவனுக்காகவா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு தரையைக் காலால் தட்டிக் கூப்பிட்டேன். அதிர்வு தெரிந்து திரும்புவான். கையைக் காட்டினால் வருவான், உள்ளங்கையை விரித்தால் நிற்பான். “ஏலே” என்றுதான் கூப்பிடுவேன், கேட்காது என்று தெரிந்தும். மேடம் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை, நுழைக்கவும் எனக்கு இஷ்டமில்லை.

சாப்பாட்டிலும் ஒரு கூத்து. கோழிக்கால் வேகவைத்த தண்ணீரில் சோற்றைக் குழைத்து வைத்தால் தொடமாட்டான். பட்டினி கிடந்து என்னை முறைப்பான். கறி பிடிக்கவில்லையா, பல் வலியா என்று மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம்கூடக் காட்டினேன். பல் நன்றாக இருக்கிறது என்றார். ஒரு நாள் எரிச்சலில் அவனை விட்டுவிட்டு நான் தட்டைப் போட்டு உட்கார்ந்து தின்று, கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், அவன் தட்டு காலி. அப்போதுதான் உறைத்தது. பங்களாவில் மேடம் சாப்பிட்டு எழுந்து மேசையைத் துடைத்த பிறகுதான் அவனுக்குத் தட்டு வைப்போம். வீட்டு எஜமானி சாப்பிடாமல் அவன் வாய் வைக்கக் கூடாது, அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

நான் அந்த வீட்டில் அத்தனை வருஷமும் நாய்க்கும் வைத்துவிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு, அடுப்புத் திண்டில் சாய்ந்து நின்றபடி தின்றவள். புருஷன் இருந்தபோதும் அவன் தின்ற மிச்சம்தான். நான் சாப்பிடுவதற்காக ஓர் உயிர் பசியோடு காத்திருந்தது அப்போதுதான். அன்றிலிருந்து வேளாவேளைக்குத் தட்டைப் போட்டு, சம்மணம் கூட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். உடம்பில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது.

தை மாத உறைபனியில் ஒரு காலை விழித்துப் பார்த்தால் அவன் மேட்டுக்குப் போகவில்லை. அடுப்போரம் சாக்கில் சுருண்டு கிடந்தான், முதுகு என் பாயில் பட்டுக்கொண்டிருந்தது. மறுநாளும் போகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாருடி, போகல.” அவள், “குளிர்லக்கா, கால் வரல” என்றாள். போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று விரட்டினேன். மாசியிலும் போகவில்லை, வெயில் வந்த பங்குனியிலும் போகவில்லை.

சித்திரை பிறந்து சீசன் தொடங்கியது. ஒரு மத்தியானம் லைன் வீட்டு வாசலில் ரிசார்ட் ஜீப் வந்து நின்றது. மேனேஜர் இறங்கினார். “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று சிரித்தார். இன்டர்நெட்டில் அவர்கள் போட்டிருந்த பங்களா படத்தில், படிக்கட்டில் இந்த நாய் உட்கார்ந்திருக்கிறானாம். மேடம் காலத்துப் படம். வருகிற கெஸ்ட் எல்லாம் இறங்கியதும் ‘அந்த நாய் எங்கே’ என்று கேட்கிறார்களாம்.

“அது வீட்டோட சேர்ந்த நாய்தானம்மா. திருப்பிக் குடுத்துடுங்க. நல்லா பாத்துக்குவோம்.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “வீட்டோட சேர்ந்ததுன்னு இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்? அப்ப நான் யாராம்?” என்றேன். நான் அதோடு விட்டிருக்கலாம், முடியாது என்று கதவைச் சாத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “கதவத் தெறந்து வைங்க. அவனா ஏறினா கூட்டிட்டுப் போங்க” என்றேன். என் வீட்டு வாசற்படியைக்கூட நான் வயிற்றில் கை கொடுத்தால்தான் தாண்டுவான். மூன்று மாதமாக அந்தத் திசையில் திரும்பிக்கூடப் பார்க்காதவன். அந்தத் தைரியம்.

மேனேஜர் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். என் நாய் எழுந்தான். டீசல் வாசனையை மோந்தான். வாலைச் சுழற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி, படியைத் தானாகவே இறங்கிப் போய், முன்னங்கால் இரண்டையும் ஜீப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தூக்கிவிடச் சொல்லி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான்.

“ரோஷங்கெட்ட நாயே!” என்று கத்தினேன். “போ! தொரத்திவிட்டவன் கூப்பிட்டான்னு போ! வெக்கமா இல்ல?” அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது. தெருவில் நின்றவர்களுக்குத்தான் கேட்டது.

சீசன் முழுக்க அவன் அங்கேதான். நான் பழையபடி நின்றுகொண்டே தின்றேன். ஒரு தடவை போய்ப் பார்த்தேன், பனியில் அவனுக்கு வந்த இருமலுக்கு டாக்டர் எழுதிய மருந்தைக் கொடுக்கிற சாக்கில். கேட்டில் செக்யூரிட்டி, “ஸ்டாஃபா, கெஸ்ட்டா?” என்று கேட்டான். இரண்டும் இல்லை என்றேன். மருந்தை வாங்கிக்கொண்டு கேட்டைச் சாத்தினான். கம்பி வழியே பார்த்தேன். கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, படிக்கட்டில் உட்காரவைத்திருந்தார்கள். குழந்தைகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் சந்தோஷமாக இருந்தான். ஏங்கிப்போய் இளைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் சந்தோஷம்தான் பொறுக்கவில்லை.

ஆனி பிறந்து, மழையும் காற்றும் தொடங்கி, கார்கள் எல்லாம் வத்தலக்குண்டு ரோட்டில் இறங்கிப் போய்விட்டன. மேனேஜர் போன் செய்தார். “நாய்க்கு ரொம்ப இருமுதும்மா. ராத்திரியெல்லாம் வராந்தாவுல ஒண்ணுக்குப் போயிடுது. கெஸ்ட்டும் இல்ல. வந்து கூட்டிட்டுப் போயிடுறீங்களா?”

சேலையை முழங்கால் வரைக்கும் ஏற்றிச் செருகிக்கொண்டு அந்த மழையில் மேட்டில் ஏறினேன். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சீசனுக்கு ஒரு நாய், மழைக்கு ஒரு வேலைக்காரியா? உயிர் என்ன உங்களுக்கு ரோட்டோரத்தில் வாடகைக்கு விடுகிற குதிரையா? இனிமேல் இந்தப் பக்கம் ஜீப்பைக் கொண்டு வந்தால் டயரைக் கிழித்துவிடுவேன். எல்லாம் தயாராக இருந்தது.

அவன் பூட்டிய முன்கதவுக்கு எதிரே, கதவைப் பார்த்தபடி படுத்திருந்தான். தரையைத் தட்டினேன். திரும்பி என்னைப் பார்த்தான், வாலை ஒரு தடவை ஆட்டினான், மறுபடியும் கதவைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். வா என்று கையைக் காட்டினேன். வரவில்லை. குனிந்து, அடிவயிற்றில் கை கொடுத்து, அந்தக் கனத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். ஈரநாற்றம் அடித்தது, விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன.

மேனேஜர் குடையோடு வந்தார். “அடுத்த சீசனுக்கு மறுபடி இவன் வேணும்மா” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “அப்ப கிச்சன்ல பாத்திரம் கழுவக்கூட ஒரு ஆள் தேவைப்படும். நீங்களும் இவன்கூடவே வந்துடுங்களேன், சீசனுக்கு மட்டும்” என்றார்.

அவருக்குப் பின்னால் என் சமையல்கட்டு ஜன்னல் தெரிந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அத்தனை தூரம் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

“சரிங்க சார்” என்றேன். “எப்ப வரணும்?”