பூட்டுப் போட்ட டெலிபோன்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் மீரா அயர்லாந்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நான் பாட்டுக்கு என் முட்டிவலி, பீடோங் சந்தையில் மீன் விற்கிற விலை, பக்கத்து வீட்டுச் சேவலின் அட்டகாசம் என்று பேசிக்கொண்டே போகிறேன். அவள் கையை ஆட்டுகிறாள், காதைத் தொட்டுக் காட்டுகிறாள். போதாக்குறைக்குச் சிரிப்பு வேறு. பிறகுதான் தெரிந்தது, எங்கேயோ விரல் பட்டு என் பக்கத்து மைக்கை நானே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

"சித்தி, ஒங்க வாய் மட்டும்தான் அசையுது. ஒண்ணும் கேக்கல லா!"

"இதுல சிரிக்க என்னா இருக்கு?" என்று சுள்ளென்று விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். எனக்கு இந்தக் 'கேக்கல' என்கிற வார்த்தை ஆகாது. அவளிடம் காரணம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு டெலிபோன் ஒரு மரப்பெட்டிக்குள் இருந்தது. அப்பா தன் கையால் அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்துச் செய்த பெட்டி. ரிசீவரை மட்டும் வெளியே எடுக்கலாம். எண்களை அமுக்குகிற இடத்தைப் பலகை மூடியிருக்கும், அதில் ஒரு பித்தளைப் பூட்டு, சாவி அப்பாவின் இடுப்பில். வருகிற போனைப் பேசலாம், நாமாக யாரையும் கூப்பிட முடியாது. பில் ஏறும் என்று பயந்து அந்தக் காலத்தில் எத்தனையோ வீட்டில் போனுக்குப் பூட்டுப் போட்டார்கள். எங்கள் வீட்டுப் பூட்டுக்குக் காரணம் பில் இல்லை, என் அக்கா.

அப்பா பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். தோட்டத்தை விற்று வீடு கட்டப் போகிறோம் என்று முதலாளிகள் சொன்னதும் நாங்கள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஒரு தாமானில், புதுக் குடியிருப்பில், மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். வேலை போனாலும் மண்டோர்தனம் போகவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று ஆள் கணக்கு எடுத்த மனிதருக்கு இங்கே மேய்க்க நாங்கள் மட்டும்தான் மிச்சம்.

அக்கா சுங்கை பட்டாணியில் நர்ஸாக இருந்தாள். பெண்டாங்கில் இருந்த தன் பழைய கூட்டாளியின் மகனுக்கு அவளைத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காவிடம் கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்றாள். அதையும் அவர் காதில் வாங்கவில்லை. பரிசம் போட நாள் குறித்த பிறகு அவள் அயர்லாந்தில் வேலை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டாள். சபாஷ் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

"அவ பேச்சு இனிமே இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார் அப்பா. அடுத்த வாரம் பெட்டி தயார்.

அக்கா அங்கிருந்து கூப்பிடாமல் இல்லை. ஆனால் டெலிபோனை ஒட்டி அப்பாவின் நாற்காலி. மணி அடித்ததும் அவர்தான் எடுப்பார். அவள் குரல் என்று தெரிந்ததும் ரிசீவரைக் கீழே வைத்துவிடுவார். டமாரென்று வைத்தால்கூட மனசு ஆறியிருக்கும். மெதுவாக, பூ வைக்கிற மாதிரி வைப்பார். எனக்கு அதில்தான் அதிகக் கோபம்.

நான் குருண் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியில் கார்டு போட்டு அக்காவிடம் பேசிவிடுவேன். கைப்பேசியெல்லாம் அப்போது சூப்பர்வைசர் இடுப்பில்தான் தொங்கும். அம்மாவுக்குத்தான் வழியில்லை. தோட்டத்தில் மேட்டிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவருக்கு முட்டி சரியில்லை, வாசல் கேட்டைத் தாண்டினால் அதிசயம். நான் வேலை முடிந்து வந்ததும் மெல்ல அடுப்படிக்குக் கூப்பிடுவார்.

"பேசுனியா? குரல் எப்படி இருக்கு அவளுக்கு?"

"நல்லாத்தான் இருக்கும்மா."

"சளி கட்டுன மாதிரி இருக்கா?"

குரலை டப்பாவில் அடைத்துக் கொண்டுவர முடியுமா?

கூட வேலை செய்த ஒருத்தி, தன் அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருக்கிற கூட்டாளியோடு கம்ப்யூட்டரிலேயே பேசுகிறான் என்று சொன்னாள். நான் நம்பவில்லை. அவள் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன், பேசத்தான் செய்தான். அடுத்த போனஸ் வந்ததும் பீடோங்கில் ரேடியோ, பேட்டரி, பழைய கம்ப்யூட்டர் விற்கிற பாய் கடைக்குப் போனேன். ஈயம் பற்றவைக்கிற நாற்றமும் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை மீன்கறி வாசமும் கலந்து வரும் கடை அது.

"டைப் அடிக்கப் படிக்கப் போறியாமா?" என்றார் பாய்.

"பேசப் போறேன் பாய்."

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தலையில் மாட்டிக்கொள்கிற ஹெட்செட் ஒன்றையும் எடுத்து வைத்தார். "ரோஸ் கலர் வாய்க்கு, பச்சை காதுக்கு. மாத்திச் சொருகிடாத." நான் மாற்றித்தான் சொருகினேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டருக்கும் டெலிபோன் லைன்தான் வேண்டும். லைன் வருகிற துளையோ அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில். வேறு வழியில்லாமல் மேசையை அவர் மூக்குக்கு நேராகவே போட்டேன்.

"என்னா இது?"

"கம்ப்யூட்டருப்பா."

"எதுக்கு?"

"அக்காகிட்ட பேச."

அடுப்படியில் அம்மா குழாயை மூடினார். அப்பா பேப்பரை மடித்தார். "நான் என்னா சொல்லிருக்கேன்?"

"போன தொடக்கூடாதுன்னு பூட்டு போட்டிருக்கீங்க. நான் போன தொடலையே."

பூட்டு பெட்டிக்குத்தான், கம்பிக்கு இல்லை. மோடம் என்கிற சின்னப் பெட்டி தானே நம்பரைச் சுழற்றிக்கொள்ளும், அதற்கு யாருடைய சாவியும் வேண்டாம். இதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு இருந்த தெனாவட்டு இருக்கிறதே, தலையில் கிரீடம் வைத்திருந்தால்கூடச் சின்னதாகத் தெரிந்திருக்கும்.

முதல் ஞாயிறு மோடம் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ரோஸையும் பச்சையையும் மாற்றிச் சொருகி, கழற்றி, திரும்பச் சொருகி ஒருவழியாக அக்காவின் குரல் வந்தது. அம்மாவின் கொண்டைக்கு மேல் ஹெட்செட்டை மாட்டிவிட்டேன். காதை மூடியதால் தன் குரல் தனக்கே கேட்காமல் அம்மா போட்ட சத்தத்தில், கம்ப்யூட்டர் இல்லாமலே அயர்லாந்துக்குக் கேட்டிருக்கும்.

"சாப்டியா? ஏய், சாப்டியான்னேன்! அங்க குளிரா?"

குரல் போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதற்குள் அம்மா அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். குளிரா என்று கேட்டதற்குச் 'சாப்டேன்' என்று பதில் வரும். யார் கவலைப்பட்டார்கள்? ஹெட்செட்டைக் கழற்றியபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "சளியெல்லாம் இல்ல" என்று என்னிடம் ரகசியம் மாதிரி சொன்னார்.

அப்பா சும்மா இருப்பாரா? இரண்டாம் ஞாயிறு மோடம் கத்த ஆரம்பித்ததும் கையை நீட்டிப் பெட்டியிலிருந்து ரிசீவரை எடுத்தார். அவ்வளவுதான், லைன் போயிற்று. மறுபடி போட்டேன், மறுபடி எடுத்தார். நான் மேசைக்கு அடியில் புகுந்து டெலிபோனின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டு, மோடத்தின் வயரை நேராகச் சொருகினேன். அப்பா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். செத்த போன். அன்றிலிருந்து ஞாயிறு சாயங்காலம் அந்த வீட்டில் டெலிபோன் கிடையாது, அக்கா மட்டும்தான்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிறு அக்கா தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள். கூட வேலை செய்கிற ஈப்போப் பையன், நல்லவன், கட்டிக்கொள்ளலாம் என்றிருக்கிறாள். "அம்மா சரின்னு சொல்லணும். அம்மா வேணாம்னா வேணாம்" என்றாள். அம்மா வழக்கம்போல் சத்தம் போடவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினார். அந்த வாரம் முழுக்க நான் கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் ஆயுத பூசை வந்தது. பூசைக்கு அப்பாதான் எல்லாம். தோட்டத்தில் இருந்த காலத்து வழக்கம், பால் வெட்டுகிற கத்தியிலிருந்து சைக்கிள் பம்பு வரை துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார். பொரியும் அவலும் படைத்துச் சாம்பிராணி போடுவார். எனக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. இரவு வந்து பொரி தின்றுவிட்டுப் படுத்தேன். கம்ப்யூட்டர் திரையின் நெற்றியில் ஒரு பொட்டு இருந்ததைப் பார்த்தேன். ஆச்சரியமாகத்தான் இருந்தது, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தலைக்குக் குளித்துப் புதுச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முகம் தெரியாத போனுக்குப் புதுச் சேலை. சிரிக்காதீர்கள், நான் அன்றைக்குச் சிரித்தேன். லைன் கிடைத்தது, அம்மா பேசினார். கூடவே நானும், அதற்குள் வாங்கிச் சேர்த்திருந்த சின்ன ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹலோ? அம்மா? கேக்கல... ஒண்ணும் கேக்கல."

அம்மா கத்தினார். நான் ரோஸை ஆட்டினேன், பச்சையை ஆட்டினேன். அக்காவின் குரல் தெளிவாக வருகிறது, எங்கள் குரல் போகவில்லை. 'மைக் கெட்டுப்போச்சு' என்று அவசரமாக டைப் அடித்தேன்.

"சும்மா சொல்லாத" என்றாள் அக்கா. குரல் உடைந்திருந்தது. "அப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு, அதான் அம்மா பேச மாட்டேங்குது. வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்படிப் பேசாம இருக்க வேணாம்." லைனை வெட்டிவிட்டாள். அம்மாவின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

நான் அப்பா பக்கம் திரும்பினேன். "மைக்க என்னா செஞ்சீங்க?"

"நான் என்னா செஞ்சேன்? பூசைக்கி பொட்டு வச்சேன். வீட்டுச் சாமான் எல்லாத்துக்கும் வச்சேன், அதுக்கும் வச்சேன்."

வாய்க்கு நேராக வருகிற மைக்கின் சின்னத் துளையில் சந்தனம் கெட்டியாகக் காய்ந்து உட்கார்ந்திருந்தது, நடுவில் குங்குமம். மண்டோர் கைப் பொட்டு, தாராளமாகத்தான் இருக்கும். ஊசியை எடுத்துக் குத்தினேன். அது இன்னும் உள்ளே போனது.

அம்மா ஹெட்செட்டைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "சாவிய குடுங்க" என்றார் அப்பாவிடம். என் பிறப்பில் அம்மா அவரிடம் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பாவின் கை இடுப்புக்குப் போனது, அங்கேயே நின்றது. அம்மா இரண்டாம் தடவை கேட்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் பாராங் கத்தி, தோட்டத்தில் காடு வெட்டியது. அதிலும் அப்பா வைத்த சந்தனப் பொட்டு அழியாமல் பளிச்சென்று இருந்தது. கத்தியின் முனையைப் பலகை இடுக்கில் செருகி நெம்பினார். அப்பா செய்த பெட்டி லேசில் விடவில்லை. அம்மாவும் விடவில்லை.

"ஒயர பாத்து" என்றார் அப்பா.

பலகை பிளந்தது. அம்மா ரிசீவரைக் காதில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சத்தமே இல்லையேடி." இருக்காது, வயரைப் பிடுங்கிப் போட்ட புண்ணியவதி நான்தானே! மேசைக்கு அடியில் விழுந்து சொருகிவிட்டு, அந்த நீள நம்பரை அமுக்கினேன். அக்கா எடுத்தாள்.

"அடியே, நான் பேசினேன்டி. ஒனக்குத்தான் கேக்கல. மைக்குல சந்தனம் அடைச்சிக்கிச்சு." அம்மா மூச்சு வாங்கினார். பிறகு அப்பாவை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கட்டிக்க. நல்லா இருப்ப. ஒங்கப்பா குடுத்த வாக்கு அவரோட. இது என் வாக்கு."

அப்பா வேண்டுமென்றேதான் அடைத்தார் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். பூசைக்குச் செய்ததைத் தப்பாகப் பேசாதீர்கள் என்பார் அம்மா. நான் கோபமான நாளில் அக்கா கட்சி, மற்ற நாளில் அம்மா கட்சி. அப்பா கடைசிவரை அக்காவிடம் பேசவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன், இறந்தவர் என்பதற்காகவும் மாட்டேன். ஒரே ஒரு தடவை, ஸ்பீக்கரில் கைக்குழந்தை மீரா வீறிட்டபோது, "புள்ளைக்கி வயித்து வலி போல. ஓமத்தண்ணி குடுக்கச் சொல்லு" என்றார், அம்மாவிடம்.

அம்மாவும் போய்விட்டார். கம்பி லைனை எடுத்துவிட்டார்கள். மோடத்தின் கூச்சலும் இல்லை, பாய் கடையில் இப்போது போன் உறைதான் தொங்குகிறது. தோட்டம் இருந்த இடத்தில் வரிசையாக வீடுகள். அயர்லாந்துவரை கேட்கிற மாதிரிப் பேசுகிறவர் யாரும் இந்த வீட்டில் இல்லை.

பாராங் மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போது ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பவள் நான்தான். கைப்பேசிக்கும் வைக்கிறேன், முதுகில், துளைக்குப் படாமல். ஆனால் முதல் பொட்டு பாராங்குக்கு. துருப்பிடித்த கத்திக்கு எதற்கு இவ்வளவு மரியாதை என்று போன வருடம் மீரா வீடியோவில் கேட்டாள்.

"ஒங்கம்மா கல்யாணத்துக்கு ஒங்க பாட்டி அதுலதான்டி போன் பண்ணுச்சு" என்றேன்.