‘தெரியலீங்க’ என்று சொல்லத் தெரிந்தவர்

கோமதி இறந்த செய்தியை எனக்கு ஓர் இயந்திரக் குரல்தான் சொன்னது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கைபேசி தன் வழக்கமான வேகத்தில், ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தது: “கோமதி. புதிய செய்தி. தங்கச்சி இன்னிக்கு விடியால தவறிருச்சுங்க.” அவருடைய அண்ணன் தங்கவேல், கோமதியின் எண்ணிலிருந்தே எங்கள் அலுவலகக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். கோமதியே தன் சாவைச் சொன்னது போல இருந்தது. நான் வாய் கொப்பளிப்பதற்குள் மற்றவர்களின் பதில்கள் வரத் தொடங்கிவிட்டன. “கூப்பிய கைகள். கூப்பிய கைகள். அழும் முகம். கூப்பிய கைகள்.” அந்தக் குரலை என் கைபேசியில் போட்டுக் கொடுத்தவரே கோமதிதான். அதை எப்படி நிறுத்துவது என்று அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோய்விட்டது.

தலைவலி என்று விடுப்பில் போனவர். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். முப்பத்து நான்கு வயது.

அன்றிலிருந்து ஆளாளுக்கு எழுதுகிறார்கள். ‘தன்னம்பிக்கைச் சுடர்’ என்கிறார்கள், ‘அஞ்சா நெஞ்சம்’ என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வருகிறது. இவர்களில் ஒருவராவது அவர் பக்கத்தில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாரா? நான் பார்த்த மனிதர்களிலேயே அதிகம் பயந்தவர் கோமதிதான். கணினியில் அவர் எழுதிய ஒவ்வொரு வரி நிரலும் பயத்தில் எழுதியது. அதனால்தான் அது நன்றாக இருந்தது. அவரைத் தெரியாதவர்களுக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் காடுகளுக்கு நடுவே அவர்கள் வீடு. கோமதிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கைபேசிகளுக்குச் செயலி செய்யும் எங்கள் சிறிய நிறுவனம் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. திரைகளை வரைவது என் வேலை. எந்த இடத்தில் எந்தப் பொத்தான், அதற்கு என்ன நிறம் என்பதெல்லாம் நான் முடிவு செய்வது. கோமதி நிரல் எழுத வந்தார். வந்த முதல் நாளே தன் மேசையில் இருந்த கணினித் திரையை அணைத்துவிட்டு, காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். திரையில் இருப்பதை அதில் ஒரு குரல் வாசித்த வேகத்தை ஒருமுறை நானும் கேட்டுப் பார்த்தேன். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல இருந்தது. ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

அப்போது லாரிக்காரர்கள் சரக்கு பதிவு செய்வதற்கான ஒரு செயலியைச் செய்துகொண்டிருந்தோம். அதன் முகப்பை நான் வரைந்திருந்தேன். மூன்று பொத்தான்கள், மூன்றிலும் அழகான படங்கள். எல்லோரும் பாராட்டினார்கள். கோமதி தன் கைபேசியில் விரலால் தடவிப் பார்த்தார். அது “பட்டன். பட்டன். பட்டன்.” என்றது. அவ்வளவுதான். படத்துக்குப் பின்னால் பெயர் எழுத வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் விரலை எடுத்துவிட்டார்.

“மூணும் பேரில்லாம நிக்குதுங்கண்ணா. எதத் தொடறதுன்னு பயமா இருக்குதுங்க.”

பொத்தானுக்கு என்ன பயம் என்று சிரித்தேன். மூன்றில் ஒன்று பதிவையே அழித்துவிடும் பொத்தான். அதற்குப் பிறகு என் பொத்தான்கள் ஒன்றுகூடப் பெயரில்லாமல் வெளியே போனதில்லை.

அவருடைய பெரிய பயம் பேருந்து நிலையம். தினமும் ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்து போகிறவருக்குப் பேருந்து நிலையம் பயமென்றால் என்ன செய்வது? கல்லூரிக் காலத்தில் நடந்த ஒன்றை அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். சேலத்தில் பேருந்து வந்து நின்றதும், பக்கத்தில் நின்ற ஆளிடம் எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அந்த ஆள் பலகையைப் பார்க்காமலேயே ‘இதுதான், ஏறு’ என்றிருக்கிறார். ஏறினார். எங்கோ ஆள் அரவமே இல்லாத ஒரு நிறுத்தத்தில் இறங்கி, விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாராம். உரசிக்கொண்டு போன லாரிகள்கூட அவ்வளவு பயமில்லையாம், ‘இதுதான்’ என்ற அந்தச் சொல்தான் இன்னும் காதில் கேட்கிறது என்பார்.

அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஏனுங்க’ என்ற செயலி. எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவரைக் கூப்பிட அந்த ஒரு சொல் போதும். கைபேசியைப் பேருந்தின் முகத்துக்கு நேரே பிடித்தால் பலகையைப் படித்து ஊரைச் சொல்லும். நிறுவன வேலை போக மிச்ச நேரத்தில் இதை அவர் எழுதினார். திரையை நான் வரைந்தேன். பார்வையற்ற நண்பர்கள் சிலரிடம் முதலில் சோதனைக்குக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் பழனியம்மாள். ஓமலூரில் மகள் வீடு, வாரா வாரம் போய் வருகிறவர்.

ஒரு நாள் சாயங்காலம் கோமதிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. பேச்சுக்கு நடுவே லாரிகள் இரைந்துகொண்டு போவது எனக்கே கேட்டது.

“கோமதி கண்ணு, என்னைய நடுவழீல எறக்கி உட்டுட்டாங்க சாமி. ஓமலூர் பஸ்ஸுன்னு ஏறுனன். இது வேலூர் போறதாமா. எதிர்ப்பக்கம் போயி ஏறிக்கன்னு சொன்னாங்க. ரண்டு மூணடி வெச்சுட்டன். எங்க நிக்கறன்னே தெரியல.”

கோமதியின் முகம் வெளுத்துவிட்டது. குரல் மட்டும் ஆடவில்லை. காலுக்கடியில் மண்ணா, தாரா என்று கேட்டார்.

“தாருதான் சாமி.”

நான்குவழிச் சாலை. திரும்ப வேண்டாம், முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு காலை மட்டும் பின்னால் எடுத்து வையுங்கள், மண் தட்டுப்பட்டதும் சொல்லுங்கள் என்றார். லாரியின் ஏர் ஹாரன் ஒன்று அலறியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோமதியின் உதடு மட்டும் எதையோ முணுமுணுத்தது. கடைசியில், “மண்ணு வந்துருச்சு” என்று குரல் வந்தது.

அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, வேலூர் போகும் சாலையில் தேடிக்கொண்டு என் வண்டியில் கிளம்பினோம். அழைப்பைத் துண்டிக்காமல் பின்னால் உட்கார்ந்து கோமதி அந்த அம்மாவிடம் பேசிக்கொண்டே வந்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. சீலநாயக்கன்பட்டி தாண்டியதும், ஓரமாக நின்ற ஒரு கரும்பு டிராக்டர் திடீரென்று என் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. அது வரவில்லை, அங்கேயேதான் நின்றிருந்தது. எனக்குத்தான் கடைசி நொடி வரை அது இல்லை. பிரேக்கை அழுத்தியதில் வண்டி வழுக்கி, கரும்புத் தோகை என் கன்னத்தில் உரசியபோது நின்றது.

கோமதி கைபேசியைக் காதிலிருந்து விலக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “தெரியலீங்களாண்ணா?”

அந்த ஒரு கேள்விக்காக நான் மாதக்கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். ஓரங்களில் பார்வை தேய்ந்துகொண்டு வந்தது. கண் நரம்பு, போனது திரும்பாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. நிறம் பார்த்துப் பிழைக்கிறவன் யாரிடம் போய் இதைச் சொல்வேன்? கோமதி இறங்கி என் தோளைத் தொட்டு, “ஆட்டோவுல போயிரலாங்கண்ணா,” என்றார். அவ்வளவுதான். அலுவலகத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

மல்லூருக்குச் சற்று முன்னால் பழனியம்மாள் மைல் கல்லைப் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்திருந்தார். கோமதி அவர் காலைத் தடவிப் பிடித்துக்கொண்டு அழுதார். “என்ற ஆப்பு பொய் சொல்லிருச்சுங்கம்மா,” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாதான் அவர் தலையைத் தடவிக் கொடுத்தார்.

நடந்தது இதுதான். பேருந்தின் மின்பலகையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும். செயலியின் கண்ணில் பட்டது ‘லூர்’ என்ற பாதி மட்டும். இந்தப் பக்கம் திரும்பிய இடமெல்லாம் லூர்தானே. ஓமலூர் வடக்கே, மல்லூரும் பரமத்தி வேலூரும் தெற்கே. அந்த அம்மா அடிக்கடி தேடிய ஊர் ஓமலூர் என்பதால், மீதிப் பாதியைச் செயலி தானாகவே நிரப்பிக்கொண்டு ‘ஓமலூர்’ என்று அடித்துச் சொல்லிவிட்டது. பார்க்காமலே ‘இதுதான், ஏறு’ என்ற அந்த ஆளையே தன் கையால் மறுபடி செய்துவிட்டதாகக் கோமதி சொன்னார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் அந்தச் செயலிக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார். முழுப் பெயரும் தெளிவாகக் கிடைக்காவிட்டால் ஊகிக்கக் கூடாது, ‘தெரியலீங்க’ என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. தெரியாது என்று சொல்வதற்கு ஒரு ஆப் எதற்கு, எவன் வைத்துக்கொள்வான் என்றார். முதலாளி முன்னால் நின்று பேசவே பயப்படும் கோமதி அன்று நடுங்கிக்கொண்டே பதில் சொன்னார்.

“பொய் சொல்ற கண்ணுக்கு, இல்லாத கண்ணே தேவலைங்க சார்.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்துடன் அவரும் விட்டுவிட்டார்.

ஊர்ப் பெயர்களை இயந்திரக் குரலே சொல்லட்டும், இதை மட்டும் ஒரு மனுசக் குரல் சொல்ல வேண்டும் என்றார் கோமதி. இயந்திரம் ‘தெரியவில்லை’ என்றால் அதட்டுவது போல இருக்கிறதாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்ற ஊற்ற அவரே பேசிப் பதிந்தார்: “தெரியலீங்க. பக்கத்துல கேட்டுப் பாருங்க.” நான் கேலி செய்தேன், பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பது போலப் பேசுகிறீர்களே என்று. ‘போங்கண்ணா’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்பும் பதிவில் விழுந்துவிட்டதால் மறுபடி பேச வேண்டியதாயிற்று.

சாப்பாட்டு வேளைகளில் அவர் என் கைபேசியில் வாசிக்கும் குரலைப் போட்டுவிட்டு, விரலை எப்படி நகர்த்துவது என்று காட்டினார். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒருமுறை நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், இந்தப் பயம் எப்போது போகும் என்று.

“போகாதுங்கண்ணா. எனக்கே இன்னும் போகுல. பஸ் ஸ்டேண்டுல ஒருத்தர ஏனுங்கன்னு கூப்புடறதுக்குள்ள உள்ளங்கை நனைஞ்சு போகுதுங்க. நனைஞ்ச கையோடவே கேட்டுப் பழகிட்டன்.”

நீங்களும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்பார். நாளைக்கு என்பேன். பேருந்து நிலையத்தில் நின்று, மங்கலாகத் தெரியும் வண்டிகளின் நிறத்தை வைத்தே ஊகித்து ஏறுவேன். தவறான வண்டியில் போய்த் திரும்பியதும் உண்டு. ஒருவரிடம் கேட்டுவிட்டால் நான் கண் தெரியாதவன் என்று ஆகிவிடும். கேட்காத வரைக்கும் ஆகவில்லை. அப்படி ஒரு கிறுக்குக் கணக்கு எனக்கு.

செய்தி வந்த அன்று அலுவலகத்தார் வேன் பிடித்தார்கள். நான் நேராக வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் எதிரில் படி தவறி விழுந்துவிடுவேனோ என்று பயம். என் மனைவி மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள். தனியாகப் பேருந்து நிலையத்துக்கு வந்து நின்றேன். வெயிலில் எல்லாம் வெள்ளையாகக் கூசியது. ஒரு வண்டி வந்து நின்றது. இதைத் தவறவிட்டால் முகம் பார்க்க முடியாது. தவறாக ஏறினாலும் முடியாது. கைபேசியை எடுத்து, ‘ஏனுங்க’ செயலியை முதன்முதலாக எனக்காகத் திறந்து பலகைக்கு நேரே பிடித்தேன்.

“தெரியலீங்க. பக்கத்துல கேட்டுப் பாருங்க.”

அந்தக் குரலை மறந்தே போயிருந்தேன். அங்கே வெள்ளைத் துணி போர்த்திக் கிடத்தியிருக்கிறார்கள், இங்கே என் கையில் பேசுகிறார். உள்ளங்கை நனைந்திருந்தது. பக்கத்தில் ஒரு பூக்கூடையின் வாசனை வந்தது. அந்தப் பக்கமாகத் திரும்பினேன்.

“ஏனுங்க, இது எந்த ஊர் பஸ்ஸுங்க? எனக்குக் கண்ணு தெரியாதுங்க.”

“திருச்செங்கோடுங்க, ஆட்டையாம்பட்டி வழி,” என்றது ஒரு பெண் குரல். “நானும் அதுலதான் போறன். தோளப் புடிச்சுக்கங்க.”

வானம் இடிந்து விழவில்லை. பயமும் போகவில்லை. அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முகம் பாதிதான் தெரிந்தது. மீதியைத் தங்கவேல் என் கையைப் பிடித்து வைத்துத் தொட்டுக் காட்டினார். குளிர்ந்திருந்தது.

இழவு வீட்டில் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது. நானும் சொல்லாமல்தான் இறங்கினேன். ஆட்டையாம்பட்டி நிறுத்தத்தில் சாயங்கால வெளிச்சம் என் கண்ணைவிட்டு வேகமாக வடிந்துகொண்டிருந்தது. சேலம் வண்டியைச் செயலி சரியாகச் சொல்லிவிடும், அதுவும் இயந்திரக் குரலில். அது வருவதற்கு முன் கைபேசியை எடுத்தேன். பலகையும் இல்லாத, எழுத்தும் இல்லாத காட்டுப் பக்கமாகத் திருப்பி, இருட்டுக்கு நேரே பிடித்தேன்.

“தெரியலீங்க. பக்கத்துல கேட்டுப் பாருங்க.”

“கேட்டுட்டேனுங்க கோமதி,” என்றேன். “போயிட்டு வாரேன்.”