ஊசி படாத தட்டு

ஹடர்ஸ்பீல்ட் ரொட்டிக் கடையில் ஐரிஸ் நின்றால், நெவில் ஆர்மரோட் இன்றும் எதுவும் வாங்காமல் திரும்பிவிடுவார்.

அவள் அப்பா கிளெம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் உள்ளூர் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தவர். அந்தக் குழு ஒரே ஒரு இசைத்தட்டு போட்டது; நூறு பிரதி அடித்தால் வரி விழும் என்று தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திவிட்டார்கள். அதில் ஊசியே படாத ஒன்று நெவிலிடம் இருந்தது. அந்தப் பெருமையிலேயே முப்பது வருடம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார் மனுஷன்.

ஒருநாள் கிளெமே தொப்பியும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"என்னோடது வீடு மாத்தறப்ப ஒடஞ்சு போச்சுப்பா. ஒரே ஒரு தடவ போடேன், கேட்டுட்டுப் போயிடறேன்."

"ஊசி பட்டா மதிப்பு போயிடும் கிளெம். தப்பா நெனச்சுக்காதீங்க."

"சரி, விடு. நாங்க ஒண்ணும் பிரமாதமா வாசிக்கல" என்று சிரித்துக்கொண்டே போனார் கிளெம். அவருக்கு ஒரு வாய் டீ கூடக் கொடுக்கவில்லை நெவில்.

பிப்ரவரியில் கிளெம் இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் பப்பில் கூடியபோது, நெவில் அந்தத் தட்டைக் கொண்டுபோய்த் தானே போட்டார். ஐரிஸ் அழுதபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பொத்திப் பொத்தி வெச்சதாலதான் இன்னிக்குக் கேக்க முடிஞ்சுது. அப்பாவுக்குத்தான் குடுத்து வைக்கல. உங்ககிட்ட இருக்குன்னு தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பாரே!"

"ஆமாம்மா" என்றார் நெவில்.