மூக்குக்குக் கீழே ஒரு நிழல்

கேம்ப் என்னும் கடைவீதியில் இருந்த அந்தப் போட்டோ ஸ்டுடியோவில் என்னைச் சேர்த்துக்கொண்டது கவர்களின் மேல் பெயர் எழுதத்தான். இங்கிலீஷ், இந்தி, மராத்தி மூன்றிலும் என் கையெழுத்து அழகாக இருக்கும். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். யாரும் கேட்காமலே அதைச் சொல்லிவிடுவேன். ஆனால் எனக்குக் கவுன்டர் வேண்டாம், விளக்குகள் இருந்த உள் அறைதான் வேண்டும்.

முதலாளியை எல்லோரும் சேட் என்பார்கள். வடக்கிலிருந்து வந்தவர், மராத்தி பிழைப்புக்காகக் கற்ற பாஷை. நான் நச்சரித்ததில் மூன்று மாத அவகாசம் தந்தார். தினமும் காலையில் கடை சூடு பிடிக்கும் முன் விளக்குகளோடு பழகலாம். கடைசியில் ஒரு முகத்தை எடுத்துக் காட்ட வேண்டும். தேறினால் உள்ளே, இல்லையென்றால் கவுன்டரே நிரந்தரம்.

பெரிய விளக்கு முகத்துக்குப் பக்கவாட்டில், சற்று உயரத்தில். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மோகோல் பலகை. விளக்கு ஒரு சாண் நகர்ந்தால் ஆளே மாறிவிடுவார். நானே ஸ்டூலில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கற்றேன். கறுத்த முகத்தில் வெளிச்சம் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். விளக்குக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணி கட்டினால் அது பரவி அடங்கும். இதை என் முகத்தில்தான் கண்டுபிடித்தேன்.

கடைசிப் படத்துக்கு அம்மாவை அழைத்து வந்தேன். நாங்கள் குடியிருக்கும் நிக்டியில் நான்கு மராத்தி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். பவுடர் டப்பாவை எடுத்தாள். நான் பிடுங்கினேன்.

"வெறும் மூஞ்சியாவா? கருகருன்னு வருமேடி."

"வரட்டும்மா."

பிரிண்டைச் சேட் வெகுநேரம் பார்த்தார். "சாவ்லி நகோ. மறுபடி எடு" என்று சொல்லிவிட்டு, வந்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

நகோ என்றால் வேண்டாம். சாவ்ளி என்றால் கறுப்பி. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு என் பெயரே அதுதான். கறுப்பி வேண்டாம் என்கிறார். பிரிண்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் போகவில்லை.

"வேலைக்கிப் போவாம செவுத்தப் பாத்துகினு இருக்கறியே, இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா. சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அந்த ஆளு ளன்னு சொன்னாரா, லன்னு சொன்னாரா?"

ளகரமாகத்தான் கேட்டது என்றேன்.

"நான் வேல செய்யற வூட்டுல, பட்டுப்பொடவையத் தொவச்சா சாவ்லில போடும்பாங்க. நெழல்ல போடுன்னு அர்த்தம். நாக்க மடிச்சி சாவ்ளின்னாதான் கறுப்பி. உங்க சேட்டுக்கு நாக்கு மடியுமா?"

மடியாது. மாத்திரைக்கு மராத்தியில் கோளி. அவர் வாயில் அது கோலிதான். அவர் சொல்லாத ளகரத்தை என் காதே போட்டுக்கொண்டிருந்தது.

அம்மா பிரிண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "எனக்கு எதுக்குடி மீசை வெச்ச?"

விளக்கை மிக உயரத்தில் வைத்திருக்கிறேன். மூக்குக்குக் கீழே நிழல் கறுப்பாக உதடுவரை இறங்கியிருந்தது. அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அந்த மூன்று நாளில் நான் அந்தப் படத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் போனேன். "காய்ச்சலா?" என்றார் சேட். ஆமாம் என்றிருக்கலாம். நடந்ததைச் சொன்னேன். அவர் அந்த ளகரத்தைச் சொல்லிப் பார்த்தார்; இரண்டு முறையும் லகரமே வந்தது. பிறகு வேறு பக்கம் பார்த்தபடி, "மூன்று மாதம் முடிந்துவிட்டது" என்றார்.

"தெரியும். தப்பு என் விளக்கில்தான். இன்னொரு படம் எடுக்க விடுங்கள்."

அதுவரை நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா மறுபடி வந்தாள். விளக்கை இறக்கினேன், பலகையை மோவாய்க்குக் கீழே கொண்டுவந்தேன். பிரிண்டில் நிழல் மூக்கோரமாக ஒதுங்கியிருந்தது. நிறம் அம்மாவின் நிறம். சேட் உள் அறைச் சாவியை என் பக்கம் தள்ளினார்.

முதல் நாளே ஒரு மராத்திக்காரம்மா, வரனுக்கு அனுப்பும் படத்துக்காக மகளை அழைத்து வந்தார். "கொஞ்சம் வெளுப்பா வரட்டும்" என்றார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா வரும், காக்கூ" என்றேன் அந்த அம்மாவிடம். வெளுப்பாக வரும் என்று சொல்லவில்லை.